சென்னையில் மக்கள் முதன்முதலில் எங்கே சினிமா பார்த்தார்கள்?

நாடகக் கொட்டகையில்தான். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலில் 1897 வாக்கில் சலனப்படம் காட்டினார்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட அதே மேடை அது.

ஆனால் சாமானிய மக்களிடம் சினிமாவைக் கொண்டுபோனது கூடாரம். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படங்களையும் வாங்கி ஊர் ஊராகப் போனார். சென்னை எஸ்பிளனேடிலும் கூடாரம் அடித்தார். இவரைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம்தான் நிரந்தரத் தியேட்டர்கள். இன்றைய அண்ணா சாலையான மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்பவர் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். 1914ல் ரகுபதி வெங்கையா கெயிட்டியைக் கட்டினார். நகரில் இந்தியர் ஒருவர் கட்டிய முதல் தியேட்டர் அதுதான்.

எல்லாம் மௌனப்படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, "இதோ வில்லன் வருகிறான்" என்கிற மாதிரி உரக்கக் கதை சொல்வார். எழுத்து தெரியாதவர்களுக்கு அவர் குரல்தான் படமே.

அண்ணா சாலை தபால் அலுவலக வளாகத்துக்குள் போய்ப் பாருங்கள், பழைய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இருக்கிறது. தபால்தலை விற்பனை அங்கேதான் நடந்துவந்தது.