தங்கத்துக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வந்தது?

வணக்கம் ஐயா,
தங்கத்தைத் தின்ன முடியாது, கலப்பை செய்து உழவும் முடியாது. அப்படியிருக்க, செல்வத்தை அளக்க உலகமே அதைப் பிடித்துக்கொண்டது ஏன்? எல்லாரும் நம்புவதால்தான் மதிப்பு, வேறு காரணமே கிடையாது என்கிறார் நண்பர். சரிதானா?
ம.

அன்புள்ள ம.,

பாதி சரி. ஆனால் நம்புவதற்குக் கூழாங்கல்லை எடுக்காமல் ஏன் தங்கத்தை எடுத்தார்கள் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை, எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

உலோகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரும்பு துருப்பிடிக்கும், செம்பில் களிம்பேறும், வெள்ளி கறுக்கும். பிளாட்டினம் கெடாது, ஆனால் அதை உருக்க 1768 டிகிரி செல்சியஸ் வேண்டும், பழைய உலைகளுக்கு அது எட்டாத சூடு. தங்கம் 1064 டிகிரியிலேயே உருகும், ஆற்று மணலில் தனி உலோகமாகவே கிடைக்கும், மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தாலும் அப்படியே மின்னும். பாதியாக வெட்டினால் மதிப்பும் பாதியாகும், திரும்ப உருக்கிச் சேர்த்தால் பழையபடி முழுசாகிவிடும். மாட்டையோ வைரத்தையோ அப்படி வெட்டி ஒட்ட முடியுமா?

ஆனால் முதலில் மனிதனை இழுத்தது இந்தக் கணக்கெல்லாம் இல்லை, அந்த நிறம்தான் என்று நினைக்கிறேன். பல்கேரியாவில் வர்ணா என்ற ஊரில் 1972இல் ஓர் இடுகாட்டைக் கண்டுபிடித்தார்கள், சுமார் 6500 ஆண்டுகள் பழையது. அங்கே ஒருசில குழிகளில் மட்டும் தங்கம் குவிந்திருந்தது, பலவற்றில் ஒன்றுமே இல்லை. நாணயம் என்ற ஒன்று பிறக்கவே இன்னும் ஏறக்குறைய 4000 ஆண்டுகள் இருந்தன! அதாவது பணமாவதற்கு வெகுகாலம் முன்பே அது பெரிய அந்தஸ்து உள்ளவர்களின் அடையாளமாகிவிட்டது.

அளவுகோலாக வேண்டுமென்றால் அதற்கு மேல் ஒன்று தேவை, முன்பின் தெரியாதவன் நீட்டும் துண்டைச் சோதிக்க வழி வேண்டும். உரைகல்லில் ஒரு கோடு இழுத்தால் மாற்று, அதாவது எவ்வளவு தூய்மை என்பது, தெரியும். தண்ணீரைப்போல் 19 மடங்குக்கு மேல் கனம், அதனால் மலிவான உலோகத்தைக் கலந்தால் எடையே காட்டிக்கொடுக்கும். இன்றைய துருக்கிப் பகுதியில் இருந்த லிடியா நாட்டின் முதல் நாணயங்கள் தங்கமும் வெள்ளியும் கலந்தவை. பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டில், அந்நாட்டு அரசன் குரோசஸின் காலத்தில், இரண்டையும் பிரித்துத் தூய தங்கத்தில் நாணயம் அடித்தார்கள். எவ்வளவு தங்கம் என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தது.

அபூர்வம் மட்டும் போதாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அலுமினியமும் விலைமதிப்புள்ள உலோகம்தான், 1886இல் மின்சாரத்தால் பிரிக்கும் முறை வந்ததும் சாதாரணப் பாத்திரமாகிவிட்டது. தங்கத்தை மலிவாகச் செய்ய இன்றுவரை யாராலும் முடியவில்லை.

சரி, உங்கள் கலப்பைக்கு வருகிறேன். கலப்பை தேயும், தங்கத்தைத் தேய்த்துத் தீர்க்கிற வேலை நமக்கு அதிகம் இல்லை, அதனால் இதுவரை தோண்டியெடுத்ததில் பெரும்பகுதி இன்னும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. 1971இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது, அப்புறமும் மத்திய வங்கிகள் அதைப் பெட்டகத்தில் வைத்துக் காக்கின்றன. வெறும் நம்பிக்கைதான் என்றால் ஏன் அதை விற்றுத் தீர்க்கவில்லை என்று நண்பரிடம் கேளுங்கள்.