பூமி ஓடுவது நமக்கு ஏன் தெரிவதில்லை? – கேள்வி பதில்

வடசென்னை வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

பிளஸ் ஒன் மாணவி, திருவொற்றியூர்: சார், சென்னை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கிழக்கே ஓடுகிறது என்கிறார்கள். மெட்ரோ ரயில் கிளம்பும்போதே நான் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். அவ்வளவு வேகம் எப்படித் தெரியாமல் போகும்?

பதில்: பாதிப் பதிலை நீயே சொல்லிவிட்டாய், மகளே. கிளம்பும்போது பிடிக்கிறாய். ரயில் சீரான வேகத்துக்கு வந்தபிறகு? கம்பியை விட்டுவிட்டுக் கைப்பேசியில் மூழ்கிவிடுகிறாய். வேகத்தை அளக்க நம் உடம்பில் உறுப்பே கிடையாது. வேகம் கூடினாலோ குறைந்தாலோ திசை மாறினாலோ மட்டும் அதற்குத் தெரியும். சென்னையின் வேகம் சுமார் 1,630 கிலோமீட்டர். இன்றைக்கும் அதுதான், உன் பாட்டி பிறந்த அன்றைக்கும் அதுதான்.

வட்டத்தில் போனால் திசை மாறுமே என்று அடுத்துக் கேட்பாய், கேட்கத்தான் வேண்டும். வட்டம் மிகப் பெரியது, திருப்பம் மிக மெதுவானது. அதற்கு வேண்டிய முடுக்கம், அதாவது வேகமோ திசையோ மாறும் வீதம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்குதான். அதுவும் கூடாமல் குறையாமல் உன் எடையோடு கலந்தே கிடக்கிறது. உள்காதில் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழல்கள் உண்டு. விநாடிக்கு ஏறத்தாழ ஒரு பாகை சுழன்றால் அவை விழித்துக்கொள்ளும். பூமி விநாடிக்குத் திரும்புவதோ 0.004 பாகை.

சூரியனைச் சுற்றும் வேகம் இதைவிடப் பெரியது, விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். ஆனால் சூரியன் பூமியையும் நம்மையும் ஏறக்குறைய ஒரே அளவில் இழுப்பதால், பூமி நம்மைத் தள்ளவும் இல்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. ஜனவரித் தொடக்கத்தில் இந்த வேகம் ஜூலையில் இருப்பதைவிட விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் அதிகம். பொங்கல் பானை அதனால் ஒருமுறைகூடத் தளும்பியதில்லை.

புறா வளர்ப்பவர், வியாசர்பாடி: என் புறா அரை மணி நேரம் வானத்தில் சுற்றுகிறது. அதற்குள் பூமி 800 கிலோமீட்டர் நகர்ந்துவிட்டால், அது எப்படி என் வீட்டு மாடிக்கே திரும்பி வருகிறது?

பதில்: பெரிய இடத்துக் கேள்வி இது. பூமிதான் சுழல்கிறது, விண்மீன்கள் அல்ல என்று கி.பி. 499இல் ஆரியபட்டர் சொன்னார். அடுத்த நூற்றாண்டில் வானியல் அறிஞர் வராகமிகிரர் மறுத்தார்: அப்படியானால் பருந்து வானிலிருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பும்? பிறகு வந்த பிரம்மகுப்தர், உயரமான பொருள்கள் ஏன் விழவில்லை என்றார். இவர்களை யாரும் கேலி செய்ய வேண்டாம். கண்ணால் பார்ப்பதை வைத்து நேர்மையாகக் கேட்ட கேள்விகள்தான் அவை. கூடவே ஓடும் பொருள் தன் வேகத்தைத் தானாக இழப்பதில்லை என்ற விடையைக் கலிலியோ 1632இல் விரிவாக வாதிட்டார்.

உங்கள் புறா மாடியில் உட்கார்ந்திருக்கும்போதே கிழக்கே 1,630 கிலோமீட்டர் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறது. சிறகடித்து எழுந்தாலும் அந்த வேகம் அதை விட்டுப் போவதில்லை. சுற்றியுள்ள காற்றும் தரையோடு சேர்ந்தே போகிறது. காற்று மட்டும் பின்தங்கியிருந்தால், புறா இருக்கட்டும், மாடியே மிஞ்சியிருக்காது.

கல்லூரி மாணவர், கொருக்குப்பேட்டை: ஈர்ப்பு விசை பிடித்து வைத்திருப்பதால்தான் நமக்குத் தெரிவதில்லை என்று படித்தேன்.

பதில்: இந்த விளக்கத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நாம் தூக்கி எறியப்படாததற்குத்தான் ஈர்ப்பு காரணம். ரயில் பிரேக் போடும்போதும் ஈர்ப்பு இருக்கத்தான் செய்கிறது. குலுக்கல் தெரியாமலா போகிறது? நிலநடுக்கோட்டில் நிற்பவர் மிதக்கத் தொடங்க வேண்டுமானால் பூமி இப்போதைவிட 17 மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அப்போது ஒரு நாள் என்பது 84 நிமிடம்.

நகைக்கடை ஊழியர், வண்ணாரப்பேட்டை: சுழற்சியால் எடை குறையும் என்கிறார்களே?

பதில்: குறைகிறது. 60 கிலோ உள்ளவருக்கு இங்கே சுமார் 200 கிராம் குறைவு. தட்டுத் தராசில் இரண்டு பக்கமும் ஒரே விகிதத்தில் குறைவதால் தெரியாது. மின்னணுத் தராசை எந்த ஊரில் பயன்படுத்துகிறோமோ அந்த ஊரில் சரிபார்க்க வேண்டும்.

இல்லத்தரசி, எண்ணூர்: பூமி சுழல்வதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு, அம்மா. பாரிஸில் 1851இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஊசல் முன்னும் பின்னும் ஆடும் திசை தரையைப் பொறுத்து மெல்லத் திரும்பியது. அங்கே ஒரு முழுச் சுற்றுக்கு 32 மணி நேரம். டெல்லி புதிய நாடாளுமன்றக் கட்டடத்திலும் அப்படி ஓர் ஊசல் உள்ளது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க நேரம் கூடும். சென்னையில் ஒரு சுற்றுக்கு 106 மணி நேரம் ஆகும். நான்கு நாளுக்கு மேல் காத்திருக்கப் பொறுமை வேண்டும். உங்கள் கடற்கரையிலிருந்து தெரியும் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டுகளும் ஒரு சான்றுதான்: கிழக்கே ஏவப்படுபவை விநாடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்கின்றன.

எட்டாம் வகுப்பு மாணவர், ராயபுரம்: பூமி சட்டென்று நின்றுவிட்டால்?

பதில்: ராயபுரம் மொத்தமும் வங்கக் கடலில், தம்பி.

விசைப்படகு உரிமையாளர், காசிமேடு: புயல் சுழல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. கைகழுவும் தொட்டியில் தண்ணீர் சுழல்வதற்குத்தான் தொடர்பில்லை. அது தொட்டியின் வடிவமும் குழாயும் செய்யும் வேலை. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமானது, நாள்கணக்கில் நீடிப்பது. நாலாபுறமும் இருந்து மையத்தை நோக்கிப் பாயும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்புறம் விலக்குகிறது. அதனால் நம் பக்கத்துப் புயல்கள் எல்லாம் இடஞ்சுழியாகவே சுற்றுகின்றன. புயல் நமக்கு வடக்கே, ஆந்திரத்தில் கரையேறினால் இங்கே தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். தெற்கே ஏறினால் கடல்காற்று கரையை அடிக்கும், அலையும் சேர்ந்து ஏறும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலின் மையம் சென்னையைக் கடந்தபோது, காற்று சற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடித்தது இதனால்தான். முதல் காற்றை மட்டும் நம்பிப் படகை ஒரு பக்கமாகக் கட்டாதீர்கள்.