நீளமான எண்களை மனப்பாடம் செய்ய நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு கேட் வேலை. உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் பார்த்துக் குறிக்க வேண்டும். நான்கு ஆங்கில எழுத்து, அப்புறம் ஏழு இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முன்னால் உள்ள எழுத்துகளையும் ஆறு இலக்கங்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இலக்கம் வர வேண்டும், வராவிட்டால் எங்கோ தப்பு.

சேர்ந்த புதிதில், பெட்டியைப் பார்த்துவிட்டு கேபினுக்கு நடந்து வருவதற்குள் 38 எனக்கு 83 ஆகிவிடும். ஒருநாள் அப்படி மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அதற்குள் பெட்டியை இறக்கி அடுக்கில் ஏற்றிவிட்டார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை டிரைவர் அண்ணன் ரசீது இல்லாமல், மதியச் சாப்பாடும் இல்லாமல் வெயிலில் நின்றார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று இரவுதான் இதற்கு ஒரு வழி தேட ஆரம்பித்தேன்.

இணையத்தில் தேடினால் முதலில் வருவது 'மேஜர்' முறை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஓர் ஒலி. 1-க்கு ட, 2-க்கு ன, 3-க்கு ம, 4-க்கு ர என்று போகும். அந்த ஒலிகளைக் கோத்து ஒரு சொல் செய்து, அந்தச் சொல்லைப் படமாக நினைக்க வேண்டும். இரண்டு மாதம் முயன்றேன். பட்டியலில் இருந்ததெல்லாம் ஆங்கிலச் சொற்கள். எண்ணிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ், அப்புறம்தான் படம். அதற்குள் அடுத்த வண்டி ஹாரன் அடிக்கும்.

இதே யோசனை நம் பக்கத்தில் எப்போதிருந்தோ இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது. கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா ராகங்களின், அதாவது தாய் ராகங்களின், பெயர்களிலேயே அவற்றின் எண் ஒளிந்திருக்கிறது. கடபயாதி என்று பெயர். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. திருப்பிப் போட்டால் 15, அதுதான் அந்த ராகத்தின் எண். எவ்வளவு அழகான வேலை! ஆனால் அது வடமொழி எழுத்து வரிசைக்குச் செய்தது. அதில் 6, 7, 8, 9 நான்குக்கும் வெவ்வேறு ஒலிகள், தமிழில் எழுதினால் நான்கும் ஒரே 'த'. அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் எனக்கென்று ஒன்று செய்துகொண்டேன். பழைய தமிழ் எண்களில் ௧ பார்க்க 'க' மாதிரியே இருக்கும், ஆகவே 1-க்கு க. ௪ பார்த்தால் ச, அது 4. ௫ 'ரு' போல இருக்கும், அதனால் 5-க்கு ர, ற. மற்றவை பெயரிலிருந்து வந்தவை. இரண்டில் இருக்கும் ண, அதோடு ந, ன மூன்றும் 2. மூன்றின் ம 3. ஏழின் ழ, கூடவே ல, ள மூன்றும் 7. எட்டின் ட 8. ஒன்பதின் ப 9. வட்டத்தின் வ பூஜ்யம். ஆறு என்றால் ஓடும் ஆறு, ஆற்றில் தண்ணீர், எனவே 6-க்கு த. புள்ளி வைத்த எழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்ற கடபயாதி விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன். தனி உயிரெழுத்துக்கும் ய, ங, ஞ மூன்றுக்கும் மதிப்பு கிடையாது.

இப்போது பாருங்கள்: நண்டு 28, லாரி 75, காக்கா 11, சங்கு 41, வடை 08, கப்பல் 19. மொழிபெயர்க்க ஒன்றுமே இல்லை. சொன்னவுடன் கண்ணில் நிற்கிற பொருள்கள்.

கன்டெய்னர் எண்ணுக்குப் பாடங்களில் வழக்கமாகக் காட்டும் உதாரணம் சி.எஸ்.க்யூ.யு 305438 3. 30 மாவு, 54 ரசம், 38 மாடு, 3 மீன். மாவு மூட்டை மேல் ரசம் கொட்டுகிறது, மாடு வந்து நக்குகிறது, அதன் வாயிலிருந்து ஒரு மீன் துள்ளி விழுகிறது. இதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அந்த ஏழு இலக்கத்தையும் சொல்லிப் பாருங்கள்.

ஒரே சமயத்தில் பத்துப் பெட்டி என்றால் படங்கள் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். அதற்குத் தெரிந்த வழி ஒன்றில் நடக்க வேண்டும். நான் கல்மண்டபம் வீட்டு வாசலிலிருந்து ராயபுரம் ரயில் நிலையம் வரை மனதுக்குள் நடப்பேன். குழாயடியில் ஒரு பெட்டியின் படம், இட்லிக் கடை வாசலில் ஒன்று. நிலையத்துக்குப் போய்விட்டால் இடத்துக்குக் குறைவே இல்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் கிளம்பிய இடம் அது, முகப்பில் வரிசையாகத் தூண்கள். தூணுக்கு ஒரு பெட்டி. உங்களுக்கு உங்கள் தெரு. பார்க்காத அரண்மனையைக் கற்பனை செய்யாதீர்கள், அது நிற்காது.

இதற்குப் பிறவியிலேயே அபார ஞாபகசக்தி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரை வைத்துச் செய்த ஆய்வு 1980-ல் வெளியானது. ஆரம்பத்தில் அவரால் எல்லாரையும் போல ஏழு இலக்கம்தான் திருப்பிச் சொல்ல முடிந்தது. சுமார் 230 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு 79. அவர் ஓட்டப் பந்தய வீரர், இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றிக்கொண்டார். எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொடுத்ததும் ஆறு எழுத்துக்கு இறங்கிவிட்டார். அதாவது ஞாபகசக்தி கூடவில்லை, எண்ணைப் பிடிக்கத் தெரிந்துகொண்டார். நம் வேலூரில் 2015 மார்ச்சில் ராஜ்வீர் மீனா என்பவர் 3.14 என்று தொடங்கி முடிவில்லாமல் போகும் 'பை' (π) எண்ணின் 70,000 தசம இலக்கங்களைச் சொன்னார், கிட்டத்தட்ட பத்து மணி நேரம். அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. தினமும் பத்து நிமிடம், எதிரில் போகிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைச் சொல்லாக மாற்றிப் பழகினால் ஒரு மாதத்தில் கை வந்துவிடும். போட்ட படத்தை அன்றிரவும் மறுநாளும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், இல்லாவிட்டால் போய்விடும்.

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறார். போன் கடல் தண்ணீரில் விழுந்து கெட்டபோது என் நம்பர் தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தவித்துப் போனார். படிப்பு அதிகம் இல்லை, எந்த எழுத்து ஏன் வந்தது என்றெல்லாம் சொல்லிக் குழப்பவில்லை. பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுத்தை மட்டும் பாட்டு மாதிரி சொல்லவைத்து, என் நம்பரை ஐந்து பொருளாக்கிக் கொடுத்தேன். முழு நம்பரை இங்கே போட முடியாது, நடுவில் நண்டும் வடையும் வரும்.

"நண்டு பக்கத்துல வடை இருக்கும்மா," என்றேன்.

"அது இன்னா சும்மாவா குந்தினு இருக்கும்? வடைய கவ்விக்கினு பூடும்டா," என்றார்.

நான் புத்தகத்தில் படித்து, படம் அசைய வேண்டும், ஏதாவது நடக்க வேண்டும் என்று மெல்ல மெல்லப் புரிந்துகொண்டதை அவர் எடுத்த எடுப்பிலேயே செய்தார். போன மாதம் ஒரு காலை, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அம்மா. ஏலம் நடக்கும் இடத்தில் யாரிடமோ போன் வாங்கி அடித்திருக்கிறார். பின்னால் ஒரே இரைச்சல். "சாப்டியாடா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.