எத்தியோப்பியால ரெண்டு வருஷம் வாலண்டியர் டீச்சரா இருந்தேன், சாப்பாடு பத்தி என்ன வேணாலும் கேளுங்க

2016 லேர்ந்து 2018 வரைக்கும் பஹிர் டார்ல, தானா ஏரிக்கரை ஊர். இப்ப அந்தப் பக்கம் 2023லேர்ந்து சண்டை, அதனால யாரும் உடனே கிளம்பிடாதீங்க, மொதல்ல நிலவரம் பாருங்க. மத்தபடி ஆரம்பிக்கலாம்.

அக்கா நான் சுத்த சைவம், அங்க போனா பட்டினிதானா?

அட போப்பா, நம்ம ஊரைவிட ஈஸி. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன், வெள்ளி ரெண்டு நாளும் விரதம், ஈஸ்டருக்கு முன்னாடி கிட்டத்தட்ட 55 நாள் தொடர்ந்து விரதம். விரதம்னா கறி, முட்டை மட்டும் இல்ல, பால், வெண்ணெய்கூட கிடையாது. ஹோட்டல்ல போய் 'ட்ஸோம்'னு (விரதம்னு அர்த்தம்) ஒரு வார்த்தை சொன்னா போதும், இஞ்செராங்கற பெரிய புளிச்ச ரொட்டி மேல மைசூர்பருப்பு, ஷிரோங்கற கடலைமாவுக் குழம்பு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட்னு சுத்திச்சுத்தி வெச்சு தந்துருவாங்க. மத்த நாள்லதான் உஷாரா இருக்கணும், ஷிரோலகூட மசாலா போட்டு உருக்கின வெண்ணெய் ஊத்திருப்பாங்க, நீங்க பால் சாப்பிடுவீங்கன்னா அது செம வாசனை.

இஞ்செரா நம்ம தோசை மாதிரியா?

எல்லாரும் இதத்தான் கேக்குறீங்க. மாவு புளிக்க வைக்கறது வரைக்கும் சொந்தம்தான், ஆனா டெஃப்னு ஒரு தானியம், கேழ்வரகைவிட பொடிசு, ரெண்டு மூணு நாள் புளிக்கும், நல்லா புளிப்பு. திருப்பிப் போட மாட்டாங்க, மூடி வெச்சு ஒரு பக்கம்தான் வேகும், ஆப்பம் மாதிரி மேல பூரா கண்ணு கண்ணா இருக்கும். மொத வாரம் எனக்குப் பிடிக்கல, பழைய துணி மாதிரி இருக்குன்னு வீட்டுக்கு போன்ல சொன்னேன். மூணாவது மாசம் அது இல்லாம ராத்திரி தூக்கம் வரல.

பக்கத்துல உக்காந்திருக்கறவங்க வாய்ல ஊட்டி விடுவாங்களாமே, உண்மையா? எனக்கு கூச்சமா இருக்கே

உண்மை. குர்ஷான்னு பேரு. ஒரே தட்டுல எல்லாரும் வலது கையால சாப்பிடுவாங்க, நடுவுல திடீர்னு அந்த வீட்டு அம்மா ஒரு பெரிய உருண்டையா சுத்தி உங்க வாய்கிட்ட கொண்டு வருவாங்க. வாயத் தொறந்துடுங்க. நான் மொத தடவை கையில வாங்கிக்கறேன்னு கைய நீட்டினேன், அந்தம்மா முகம் அப்படியே வாடிருச்சு. வேணாம்னு சொன்னா 'பெமோத்தே'ன்னு சொல்லுவாங்க, என் சாவு மேல ஆணையா சாப்பிடுன்னு அர்த்தம், நம்ம அப்பத்தா 'என் மேல சத்தியம்'னு சொல்லிட்டு இன்னொரு கரண்டி வைக்கும்ல, அதேதான். நீங்களும் திருப்பி ஊட்டினா வீடே சிரிக்கும். நெஜமாவே வயிறு ரொம்பிருச்சுன்னா 'பெக்காஞ்'னு நெஞ்சுல கை வெச்சு சொல்லுங்க, ஒரு தடவை சொன்னா நம்ப மாட்டாங்க, மூணு தடவை சொல்லணும்.

காபிக்கு கூப்பிட்டா எவ்ளோ நேரம் ஆகும்? எனக்கு மீட்டிங் இருக்கும்

மீட்டிங்க தள்ளி வைங்க, வேற வழியில்ல. தரையில புல்லு பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் காபிக்கொட்டைய உங்க கண்ணு முன்னாடி வறுத்து, அந்தப் புகைய மூக்குகிட்ட கொண்டு வந்து காட்டுவாங்க, நீங்க கையால விசிறி உள்ள இழுத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். அப்புறம் இடிச்சு, ஜெபெனாங்கற மண்கூஜால கொதிக்க வெச்சு, பிடி இல்லாத சின்னக் கப்புல தருவாங்க. மூணு சுத்து: அபோல், தோனா, பரக்கா. அதே தூள்ல தண்ணி ஊத்தி ஊத்தி போடறதால மூணாவது லேசா இருக்கும், ஆனா ஆசீர்வாதம் அதுலதான்னு நம்பறாங்க, அதனால ரெண்டோட எந்திரிச்சா சங்கடப்படுவாங்க. நொறுக்குக்கு பாப்கார்ன். சில வீட்ல அருவதா தழை ஒண்ணு கப்புல போடுவாங்க, அந்த வாசனைக்கு நான் அடிமை.

இன்னொண்ணு, நேரம். அங்க பகல் கணக்கு காலைல ஆறுலேர்ந்து, அவங்க மூணு மணின்னா நமக்கு காலை ஒம்பது. நான் சாயங்காலம் மூணுக்கு ஜம்முனு போய் நின்னேன், காலைலேர்ந்து காத்துட்டு இருந்திருக்காங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல, திரும்ப அடுப்பு மூட்டினாங்க. அதுதான் எனக்கு ரொம்ப அவமானமா போச்சு.

பச்சைக்கறி தருவாங்களா அண்ணி? (என் வீட்டுக்காரர் சாப்பிட்டே தீருவேங்கறார்)

கிட்ஃபோ. பச்சை மாட்டுக்கறிய பொடிசா கொத்தி மிளகாய்ப்பொடி, வெண்ணெய் கலந்தது. நாடாப்புழு வரும், அங்க உள்ளவங்களுக்கே வருது. 'லெப் லெப்'னா லேசா சூடு காட்டுவாங்க, அதுவும் சரியா வேகாது. நல்லா வேகவெச்சுத் தரச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

போற வீட்டுக்கு என்ன கொண்டு போகலாம்? காசு குடுக்கலாமா?

காசு கையில நீட்டாதீங்க. சர்க்கரை, காபிக்கொட்டை, பழம் போதும். எனக்கு உறுத்துனது இதுதான்: நமக்குன்னு கோழி அடிச்சு தோரோ வாட்ங்கற கோழிக்குழம்பு வெப்பாங்க, வெங்காயமே மணிக்கணக்கா வதங்கணும், அந்த வீட்ல கோழி அடுத்தது பண்டிகைக்குத்தான். அதனால ஒரே வீட்டுக்கு வாராவாரம் போய் உக்காராதீங்க, போனா காபிக்குப் போங்க. நான் ஒருநாள் பதிலுக்கு அவங்க எல்லாரையும் கூப்பிட்டு சாம்பார் வெச்சேன். இஞ்செராவ தொட்டுத் தொட்டு சாப்பிட்டுட்டு அந்தம்மா 'உப்பு கம்மி'ன்னுச்சு. அப்பதான் நான் விருந்தாளி இல்லன்னு புரிஞ்சது.