டிஸ்க் நிரம்பிவிட்டதா? லினக்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சர்வரில் லாக் கோப்புகளுக்கான பகிர்வு 100 சதவீதம் நிரம்பியதாக டிஎஃப் (டிஸ்க்கில் உள்ள இடத்தைக் காட்டும் கட்டளை) காட்டியது. 30 ஜிபி கொண்ட லாக் கோப்பை அழித்த பிறகும் அந்த எண் குறையவில்லை. டியூ கட்டளையோ 8 ஜிபி மட்டுமே இருப்பதாகச் சொல்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை கணக்கிடும் முறைதான் வேறு. டிஎஃப், கோப்பு முறைமையிடமே கணக்கைக் கேட்டு வாங்குகிறது. டியூ, கோப்பகம் கோப்பகமாக நுழைந்து, பெயருள்ள கோப்புகளை மட்டும் கூட்டுகிறது. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளை நீக்குவது கோப்பின் பெயரைத்தான் என்பதால், ஏதேனும் ஒரு புராசஸ் (இயங்கும் நிரல்) அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அது பிடித்திருந்த இடம் விடுபடாது. ரூட் பயனராக (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகியாக) எல்எஸ்ஓஎஃப் கட்டளையை '+எல்1' என்ற குறியுடன் இயக்கினால், பெயர் இழந்தும் திறந்திருக்கும் கோப்புகளும் அவற்றைப் பிடித்திருக்கும் புராசஸ்களும் தெரியும். உரிய சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும். சர்வரையே ரீபூட் செய்பவர்கள் உண்டு, அதற்குத் தேவையில்லை. இனிமேல், இயங்கும் சேவையின் லாக்கை அழிக்காமல், ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைச் சுழியமாக்குங்கள்.

இதே முரண் ரூட் பகிர்வில் (கணினி இயங்கும் முதன்மைப் பகிர்வில்) தெரிந்து, அந்தப் பட்டியலில் எதுவும் இல்லையெனில், வேறொரு பகிர்வு ஒரு கோப்பகத்தில் மவுன்ட் ஆவதற்கு (இணைக்கப்படுவதற்கு) முன்பே அதே கோப்பகத்தில் எழுதப்பட்ட கோப்புகள் அடியில் மறைந்திருக்கலாம். அவை உண்மையில் பிடித்திருப்பது ரூட் பகிர்வின் இடத்தை. ரூட் பகிர்வை வேறோர் இடத்தில் பைண்ட் மவுன்ட் செய்து (அதே பகிர்வை இன்னொரு கோப்பகத்திலும் தெரியச் செய்து) பார்த்தால் வெளிப்படும்.

கேள்வி: 12 ஜிபி காலியாக இருந்தும், புதிய கோப்பு உருவாக்கினால் இடமில்லை என்ற பிழை வருகிறது.

பதில்: டிஎஃப் கட்டளையை '-ஐ' குறியுடன் இயக்கிப் பாருங்கள், ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கக்கூடும். எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோட் என்ற கணக்கில் பகிர்வை வடிவமைக்கும்போதே எண்ணிக்கையை வரையறுத்துவிடுவதால், பகிர்வைப் பெரிதாக்காமல் பின்னர் அதைக் கூட்ட முடியாது. காலாவதியான பிஹெச்பி செஷன் கோப்புகளும் தேங்கிய மின்னஞ்சல் வரிசையும் வழக்கமான குற்றவாளிகள். லட்சக்கணக்கான கோப்புகளை நட்சத்திரக் குறியிட்டு அழிக்க முயன்றால், பட்டியல் மிக நீளம் என்று ஷெல் மறுக்கும். ஃபைண்ட் கட்டளையின் டெலீட் வசதியே இதற்கு ஏற்றது.

கேள்வி: 1 டிபி தரவு டிஸ்க்கில் ஏறத்தாழ 50 ஜிபி எந்தக் கணக்கிலும் வரவில்லையே?

பதில்: எக்ஸ்ட்4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென ஒதுக்குகிறது. தரவு மட்டுமே உள்ள டிஸ்க்கில் டியூன்2எஃப்எஸ் கட்டளை மூலம் அதை 1 சதவீதமாகக் குறைக்கலாம். கணினி இயங்கும் ரூட் பகிர்வில் கை வைக்காதீர்கள். மற்றவர்களுக்கு இடம் தீர்ந்த வேளையில் ரூட் பயனர் உள்ளே வந்து சரிசெய்ய அந்த ஒதுக்கீடு உதவும்.

கேள்வி: உபுண்டுவில் பூட் பகிர்வு நிரம்பியதால் அப்டேட் பாதியில் நிற்கிறது.

பதில்: பழைய கெர்னல்கள் (லினக்ஸின் மையப் பகுதியின் முந்தைய பதிப்புகள்) சேர்ந்திருக்கும். அவற்றை ஆர்எம் கொண்டு கையால் நீக்காமல், மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவியான ஏபிடியின் ஆட்டோரிமூவ் மூலம் அகற்றுங்கள். இப்போது இயங்கும் கெர்னல் எது என்பதை யூநேம் கட்டளையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.