தபாலில் வந்த தத்துவம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். 35 ஆண்டுகள் நிர்வாகப் பணி, பலதரப்பட்ட மனிதர்களோடு பழக்கம். ஆகவே தத்துவம் சொல்லும் விஷயங்கள் எனக்குப் பெரும்பாலும் புதிதாக இருக்காது என்று நினைத்து, தொலைநிலைக் கல்வியில் முதுகலை தத்துவம் சேர்ந்தேன். பாடத்தொகுப்புகள் தபாலில் வந்துவிட்டன. இந்த வயதில் எதற்கு என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு இனிமேல் வேலையோ பதவியோ வேண்டாம், மன அமைதி வேண்டும். ஆகவே தத்துவம். ஆனால் படித்தது நினைவில் நிற்பதில்லை. காண்ட் பற்றிய பகுதியை மூன்று முறை படித்தும் பிடி கிடைக்கவில்லை. இந்தியத் தத்துவத்தில் தொடங்குவதா, மேலைத் தத்துவத்திலா என்றும் குழப்பம். முக்கியமான கேள்வி இதுதான்: ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் படிக்கிறேன். ஆகவே இது அரைப் படிப்புதானே?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு வழக்கமாக இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவேன். உங்களுடையது வந்த நேரம் அப்படி. போன வாரம் புத்தக அலமாரியை ஒழித்தபோது அடித்தட்டில் ஒரு காக்கி உறை கிடைத்தது. என் 41வது வயதில் அஞ்சல்வழியில் இதே படிப்பைப் படித்தபோது எழுதிய முதல் ஒப்படைப்பு உள்ளே இருந்தது. அலமாரி வேலை அன்றோடு நின்றது. மறுநாள் உங்கள் கடிதம்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். நினைவில் நிற்கவில்லையா? நிற்காது. காண்ட் ‘தூய அறிவின் விமர்சனம்’ என்ற அந்தப் பெரிய புத்தகத்தை 1781இல் வெளியிட்டபோது அவருக்கே வயது 57. மோசஸ் மெண்டல்ஸ்ஸோன் மாதிரி ஒரு தத்துவவாதி, நரம்பின் சாரத்தையே உறிஞ்சுகிறது என்று சொல்லி அதை ஒதுக்கி வைத்தார். மூன்று முறைக்கே அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்தியமா மேலையா என்றால், எந்தக் கட்டு முதலில் தபாலில் வந்ததோ அது. பிள்ளைகள் சிரிப்பது புதிதில்லை. வயதுக்கு வந்த பிறகும் தத்துவம் பேசிக்கொண்டிருப்பவனுக்கு அடி கொடுக்க வேண்டும் என்று பிளேட்டோவின் ஓர் உரையாடலில் காலிக்ளீஸ் சொல்கிறான். அதே பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் போடும் பாடத்திட்டத்தையும் பாருங்கள்: 30 வயதில் ஐந்தாண்டு தர்க்கம், பிறகு 15 ஆண்டு நிர்வாக வேலை, 50க்கு மேல்தான் முழுநேரத் தத்துவம். அந்தக் கணக்கில் நீங்கள் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம், இன்னும் சிரிப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஒப்படைப்பு காரண காரியம் பற்றியது. அதைப் பற்றி 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் சொன்னதை விளக்கி மதிப்பிடுக என்பது கேள்வி. எனக்கு அனுப்பிய பாடத்தொகுப்பில் தாள்களை மாற்றித் தைத்திருந்தார்கள். ஸ்பினோசா இருக்க வேண்டிய இடத்தில் லைப்னிஸ் இரண்டாம் முறை வந்தார். மாற்றித் தரச்சொல்லி எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதிலில்லை. நல்லவேளை, ஹியூம் முழுசாக இருந்தார். 12 பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி அனுப்பினேன். அப்போது நான் ஏற்கெனவே அச்சில் வந்துகொண்டிருந்த எழுத்தாளன். திருத்துகிறவர் படித்துவிட்டு அசந்துபோவார் என்றே நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நூற்றுக்கு 48. முதல் பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை, இரண்டாம் பக்கத்திலும் இல்லை. புரட்டப் புரட்ட ஒன்றுதான் கண்ணில் பட்டது. நான் ‘ஆகவே’ என்று எழுதிய இடத்தையெல்லாம் பச்சை மையால் வட்டம் போட்டிருந்தார். மொத்தம் ஒன்பது வட்டம். கடைசிப் பக்கத்தின் அடியில், சாய்ந்த சின்ன எழுத்தில் ஒரே வரி: ‘இவற்றில் எத்தனை நிற்கும்?’ கீழே புழு நெளிந்த மாதிரி ஒரு கையெழுத்து. பெயர் படிக்க முடியவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. புகார்க் கடிதம்கூட எழுதிவிட்டேன். அனுப்பும் முன், ஒன்பதும் நிற்கும் என்று காட்டலாமே என்று இரவு உட்கார்ந்தேன். ஒவ்வொரு ‘ஆகவே’க்கும் முந்தைய வாக்கியத்தையும் பிந்தைய வாக்கியத்தையும் தனித்தாளில் எழுதி, நடுவே வெறும் கோடு போட்டேன். முதலாவதில் முந்தைய வாக்கியம் ஹியூமுடையது, பிந்தையது என்னுடையது, இடையில் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டாவதில் ஒரே விஷயத்தை வேறு சொல்லில் இரண்டு முறை சொல்லியிருந்தேன். நான்காவதில் வாக்கியத்தின் ஓசை நன்றாக இருந்தது, வேறொன்றும் இல்லை. விடியும்போது தேறியவை இரண்டு. புகார்க் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்தப் புழுக் கையெழுத்துக்காரரை நான் பார்த்ததே இல்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். அதில் மூன்று ‘ஆகவே’ இருக்கிறது. தற்செயலாக எண்ணினேன் என்று சொல்லமாட்டேன்.

முதலாவதில் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. 35 ஆண்டுகள் மனிதர்களோடு பழகினீர்களாம், ஆகவே தத்துவம் புதிதாக இருக்காதாம். ஓய்வுபெற்றவர்களிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. உங்கள் அனுபவத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே 35 ஆண்டு, அதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்த இன்னொருவர் மனிதர்கள் அத்தனை பேரும் திருடர்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவரும் அனுபவத்தில்தான் பேசுகிறார். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் சொல்லித்தருகிறார். பக்கம் என்பது நாம் நிறுவ வந்த கூற்று, ஏது என்பது அதற்கான காரணம், திட்டாந்தம் என்பது எடுத்துக்காட்டு. ஏது மாதிரியே தோன்றி ஏமாற்றுவது ஏதுப்போலி. அது மூன்று வகை: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். காரணமே நிறுவப்படாமல் இருந்தால் அசித்தம். ஒலி அழியக்கூடியது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்றால் அநைகாந்திகம். அழியும் குடமும் அறியப்படுகிறது, அழியாத ஆகாயமும் அறியப்படுகிறது, காரணம் இரண்டு பக்கமும் சாய்கிறது. உங்கள் 35 ஆண்டும் அப்படித்தான் சாய்கிறது. ஒரு பெருங்காப்பியம் நடுவில் கதையை நிறுத்திவைத்துவிட்டு இதையெல்லாம் பொறுமையாகச் சொல்கிறது. நாம் அந்தக் காதையைத் தாண்டிக் குதித்துவிட்டுக் காப்பிய நயம் பேசுகிறோம். அது வேறு வருத்தம், இன்னொரு நாள்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன். நிர்வாகத்தில் மேலே போகப்போக, நாம் சொல்லும் ‘ஆகவே’யை நிறுத்திக் கேட்க ஆள் இல்லாமல் போகிறது. கீழே இருப்பவர்கள் குறித்துக்கொள்வார்கள். மேலே இருப்பவர்களுக்கு முடிவு போதும், காரணம் வேண்டாம். ஓய்வுபெறும்போது மனிதர்கள் இழப்பதாகச் சொல்லும் மரியாதையில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றும். திடீரென்று வீட்டில் எல்லோரும் ‘ஏன்’ என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அது வலிக்கும், எனக்குத் தெரியும்.

இரண்டாவது: மன அமைதி வேண்டும், ஆகவே தத்துவம். இது விருத்தம். ஒலி அழியாதது, ஏனென்றால் அது உண்டாக்கப்படுகிறது என்று வாதாடுவதைப் போல, சொன்ன காரணமே எதிர்ப்பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. ‘குடியரசு’ நூலின் முதல் பாகத்தில் கெஃபலோஸ் என்று ஒரு கிழவர் வருகிறார். வசதியானவர், இனிமையாகப் பேசுகிறவர், முதுமை ஆசைகளின் பிடியிலிருந்து விடுதலை தருகிறது என்கிறார். பணம் இருப்பதன் நன்மை, பொய் சொல்லாமல் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாகலாம் என்பதுதான் என்கிறார். சாக்ரடீஸ் மெதுவாகக் கேட்கிறார்: உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதும்தான் நீதியா? நண்பன் ஆயுதத்தைக் கொடுத்துவைத்துவிட்டு, பைத்தியம் பிடித்த நிலையில் வந்து கேட்டால் கொடுப்பீர்களா? கிழவர் சிரிக்கிறார், வாதத்தை மகனிடம் ஒப்படைக்கிறார், பலி கொடுக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று எழுந்து போகிறார். அத்தனை பெரிய புத்தகத்தில் அப்புறம் அவர் திரும்பி வருவதே இல்லை. அவருக்கு மன அமைதி இருந்தது. அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எழுந்து போகாமல் உட்கார்ந்த ஒருத்தியைச் சொல்கிறேன். பொஹீமியாவின் இளவரசி எலிசபெத். அப்பா அரியணை இழந்தவர், குடும்பம் அகதியாக ஹேக் நகரில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் வாய்ப்பு அவளுக்கு இல்லை. 1643 மே மாதம், 24 வயதில், ஆன்மாவும் உடலும் வேறுவேறு என்று சொன்ன பிரெஞ்சுத் தத்துவவாதி டேகார்ட்டுக்கு முதல் கடிதம் எழுதுகிறாள். ஆன்மா வெறும் சிந்தனை, அதற்கு உருவமில்லை, இடமில்லை என்கிறீர்களே, அது எப்படி உடலைத் தள்ளி அசைக்கும்? ஐரோப்பாவே கொண்டாடிய ஆளிடம் கேட்கிறாள். கனம் ஒரு பொருளைத் தொட்டுத் தள்ளாமலே கீழே கொண்டுபோவதாக நாம் நினைக்கவில்லையா, அதைப்போலத்தான் என்று அவர் உவமை காட்டி மழுப்புகிறார். அவள் விடவில்லை. வீட்டுக் கடமைகளும் வந்துபோகிறவர்களும் நேரத்தைத் தின்றுவிடுவதாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, உருவமற்ற ஒன்று உடலை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவுக்கே உருவம் உண்டு என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபம் என்று எழுதுகிறாள். இந்த மாதிரி யோசனைக்கு வருடத்தில் சில மணி நேரம் போதும் என்று டேகார்ட் பதில் எழுதினார். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். பிடி இறுகும்போது ஆசிரியர்கள் ஓய்வெடுக்கச் சொல்வார்கள்.

1645இல் அவள் காய்ச்சலும் வறட்டு இருமலுமாகக் கிடந்தாள். அவர் ஆறுதலாக, ரோமானியத் தத்துவவாதி செனகாவைப் படிக்கலாம், நம் மனம் சரியாக இருந்தால் இன்பம் நம் கையில் என்கிற ரீதியில் எழுதினார். உங்களுக்கு வேண்டியது அந்தக் கடிதம்தானே? அவள் பதிலையும் படியுங்கள். சிந்திக்கும் சக்தியையே அழித்துவிடும் நோய்கள் இருக்கின்றனவே, அப்போது என்ன செய்வது என்று கேட்கிறாள். தனக்கு ஆறுதலாக வந்த வாக்கியத்தின் ‘ஆகவே’யையும் வட்டம் போட்டாள். உணர்ச்சிகளைப் பற்றி 1649இல் டேகார்ட் வெளியிட்ட நூல் அவள் கேள்விகளிலிருந்துதான் வளர்ந்தது.

எனவே காண்டைத் தற்போதைக்கு மூடிவையுங்கள். உங்கள் முதல் ஒப்படைப்பை எழுதுங்கள். கடையில் விற்கும் கெய்டைத் தொடாதீர்கள், தொட்டது தெரிந்தால் இனி எனக்கு எழுத வேண்டாம். 12 பக்கம் தேவையில்லை, மூன்று போதும். எழுதி முடித்ததும் நீங்களே பச்சைப் பேனாவை எடுங்கள். தேர்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம் எழுதினால் விரல் மரத்துப்போகும், அதற்கும் இப்போதிருந்தே கையை எழுதிப் பழக்குங்கள். பக்கத்து பெஞ்சுப் பையன் மேற்பார்வைக்கு வந்தவரென்று நினைத்து எழுந்து நின்றால், உட்காரச் சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்குப் போங்கள்.

மூன்றாவது ‘ஆகவே’யை நான் தொடவில்லை. ஆசிரியரின் முகத்தைப் பார்க்காமல் படிக்கிறேன், ஆகவே இது அரைப் படிப்பு என்கிறீர்கள். அது அசித்தமா, அநைகாந்திகமா, விருத்தமா என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.