ஆளுங்க சரியில்லையா? (கடிதம்)

அன்புள்ள சார்,

கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில ப்ரொடக்‌ஷன் மேனேஜரா இருக்கேன். போன வருஷம் கன்சல்டன்ட்ட வெச்சு மூணு வருஷ ப்ளான் போட்டோம், ரிஜெக்‌ஷன (கோளாறாகிக் கழிச்சுப் போடுற சரக்க) பாதியா குறைக்கணும்னு ஷாப் ஃப்ளோர் பூரா போர்டு மாட்டினோம். ஒரு மாத்தமும் இல்ல. நம்ம ஆளுங்க சரியில்ல சார். இவங்கள எப்படி மாத்துறது? பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு (லாபம் மட்டுமில்லாம கஸ்டமர், வேலை முறை, கத்துக்கறது எல்லாத்தையும் அளக்குற முறை) கொண்டுவந்தா உதவுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பியிருக்கீங்க, மொதல்ல நல்லா தூங்குங்க தம்பி. ஸ்கோர்கார்டு வேணும்னா போட்டுக்குங்க, அத விடுங்க. "ஆளுங்க சரியில்ல"ன்னு எழுதுனீங்க பாருங்க, அந்த வரிக்குத்தான் இந்த பதில்.

கலிஃபோர்னியால ஃப்ரீமாண்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கார் ஃபேக்டரி வெச்சிருந்தாங்க, வண்டியும் மோசம், ஆளுங்க லீவு போடுறதும் தகராறும் ஓயாது, 1982ல மூடிட்டாங்க. 1984ல டொயோட்டாவும் அவங்களும் கூட்டு சேர்ந்து நும்மிங்கற பேர்ல அதே எடத்த தெறந்தப்போ எடுத்தது பெரும்பாலும் அதே பழைய ஆளுங்கள, அதே யூனியன். கொஞ்ச காலத்துலயே அங்க செஞ்ச வண்டிக்கு நல்ல பேரு. முன்னாடி லைன் நிக்கவே கூடாது, கோளாறோட வர்ற வண்டியும் ஓடிக் கடைசில ரிப்பேருக்குப் போகும். நும்மி வந்தப்பறம் தலைக்கு மேல ஒரு கயிறு இருந்துச்சு, யாரு வேணா இழுக்கலாம், இழுத்தா டீம் லீடர் ஓடிவந்து என்ன உதவி வேணும்னு கேப்பார், சரியாகலேன்னா லைன் நிக்கும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு மெஷின் ஷாப்புல க்யூசி (தரம் பாக்குற) ட்ரெயினியா சேர்ந்த புதுசு. லேத்துல இருந்த அண்ணன் ஓட்டையோட அளவு பாக்குற ப்ளக் கேஜ பீஸுக்குள்ள விட்டுப் பாக்குறார், உள்ள போகவே கூடாத நோ-கோ பக்கம் வழுக்கிக்கிட்டு உள்ள போகுது, போர் (ஓட்டை) பெருசாயிடுச்சு. மெஷின நிறுத்திட்டு சூப்பர்வைசரக் கூப்பிட்டார். வந்தவர் கேட்ட மொத கேள்வி, "யாரக் கேட்டுடா நிறுத்துன?" ஷிஃப்டே வேடிக்கை பாத்துச்சு. அண்ணன் ஒண்ணும் பேசல, பனியன் வேஸ்ட்டால கேஜத் தொடச்சு பொட்டில வெச்சு மூடினார். அதுக்கப்பறம் அந்தப் பொட்டிய சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கும்போது மட்டுந்தான் தெறந்தார். நானும் பாத்துக்கிட்டு நின்னேன், வாயத் தொறக்கல, இன்னிக்கும் உறுத்துது. ரெண்டு மாசத்துல கஸ்டமர்கிட்டேர்ந்து லாட்டு மொத்தமும் திரும்பி வந்துச்சு, மேனேஜர் எங்க எல்லாரையும் நிக்க வெச்சு சொன்னது உங்க வரியேதான்.

டிஸ்பாட்ச் அன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஒருத்தர் பம்ப்புக்குள்ள சுத்துற சக்கரத்துல வார்ப்பு ஓட்டையக் காட்டி "சார், இந்த இம்பெல்லர்ல ப்ளோ ஹோல் இருக்கு"ன்னு வந்து நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க? கத்த வேண்டாம், மூஞ்சி சுருங்கினாலே போதும், மறுநாள்லேர்ந்து வர மாட்டார், அவரப் பாத்து பக்கத்து மெஷின்காரரும் வர மாட்டார். போன மாசம் எத்தன பேரு அப்படி வந்தாங்கன்னு எண்ணிப் பாருங்க. ஒருத்தருமே வரலேன்னா உங்க ஃபவுண்ட்ரில ப்ளோ ஹோலே விழலேன்னா நெனைக்கிறீங்க? அவ்வளவு பெரிய போர்டு மாட்டத் தெரிஞ்சவருக்கு இது தெரியாதா?

கோவமா எழுதிட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வாரம் யாராவது ஒருத்தர் வந்து சொன்னா, அவர்கிட்ட நீங்க என்ன சொன்னீங்கன்னு எழுதுங்க. ஸ்கோர்கார்டப் பத்தி அப்பறம் பேசலாம்.